இருக்கலாம்

"மூச்சு வாங்குது" என்று ஒரு பெண் சொன்னால் அதற்கு நம்மிடம் நிறைய பதில்கள் தயாராக இருக்கின்றன. ரத்தம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்பிடு. உடம்பு போட்டுட்டே, காலையில எழுந்து நட. தைராய்டு பாத்தியா? கேஸா இருக்கும், ஓமத்தண்ணி குடி. ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் இப்படித்தான். கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்ல ஏதாவது பிரச்சினையா?

இவற்றில் எதையும் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. பல நேரங்களில் இவற்றில் ஒன்று உண்மையாகவும் இருந்துவிடும். நம் நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மூச்சு வாங்கும் பெண்ணிடம் முதலில் ரத்தசோகையைத் தேடுவதில் தவறே இல்லை. அதோடு தேடலை முடித்துக்கொள்வதில்தான் தவறு இருக்கிறது. என் அக்கா விஷயத்தில் இந்தப் பதில்கள் எல்லாம் வந்து போய், சரியான பதில் வந்து சேர ஏழு ஆண்டுகள் ஆயின.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். அப்பாவுக்கு ஆவடி டாங்க் ஃபேக்டரியில் வேலை. நான் தமிழ் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பாடம் நடத்தப் போனேன். அக்கா பன்னிரண்டாவதோடு நின்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலைக்குப் போனாள். பட்டன், தையல், காலர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சட்டைகளைப் பார்த்துத் தள்ளுகிற வேலை. பிழை கண்டுபிடிப்பதில் அந்த வரிசையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று உடன் வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தன் உடம்பில் ஏதோ பிசகியிருக்கிறது என்பதையும் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

2009இல் அவளுக்கு 35 வயது. சின்னவன் பிறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. சாயங்காலம் பட்டரவாக்கத்தில் ரயிலேறி ஆவடியில் இறங்குவாள். மேம்பாலப் படியில் பாதி ஏறியதும் நின்று, கைப்பையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்வாள். "படி ஏறும்போது மட்டும் இல்லடி. புள்ளைக்குத் தலை துவட்டிவிட்டாக்கூட மூச்சு வாங்குது. மாசா மாசம் அந்த நாளுக்கு முன்னாடி இன்னும் ஜாஸ்தியாகுது" என்று என்னிடம் சொன்னாள். இதையேதான் மருத்துவர்களிடமும் சொன்னாள். முதல் பாதியை எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் பாதியை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அந்த ஏழு ஆண்டுச் சீட்டுகள் எல்லாவற்றையும் பின்னால் நான் உட்கார்ந்து வாசித்தேன். மாதவிடாய் என்ற பொருள்படும் ஒரு சொல்கூட அவற்றில் இல்லை.

துணித் தூசு என்றார்கள். பிறகு டிபியாக இருக்கலாம் என்றார்கள். சென்னையில் நுரையீரல் என்றதும் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம்தான், நோயாளியைச் சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுப்பதும் வீட்டிலேயே இருக்கவிட்டுக் கொடுப்பதும் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும் என்று நிரூபித்தது. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. (அந்த வீடுகளில் கஞ்சி வைத்ததும் எச்சில் கிண்ணம் கழுவியதும் யார் என்பது தனியாக எழுதவேண்டிய கட்டுரை.)

அக்காவின் சளியில் கிருமி இல்லை. இருந்தாலும் 2010இல் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். தனியார் பரிசோதனைக்கூடத்திலிருந்து வந்த தாளில் 'பாசிட்டிவ்' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் மாத்திரை விழுங்கினாள். இரண்டு பையன்களையும் பூந்தமல்லியில் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், கேட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவாள். சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. தூக்கச் சொல்லிக் கை நீட்டுவான். ஆறு மாதம் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். மூச்சுவாங்கல் அப்படியே இருந்தது.

அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லவேண்டும். ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளை வைத்துக் காசநோயைக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன அந்தவகைப் பரிசோதனைகளை நம்பக்கூடாது, பயன்படுத்தவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011 ஜூலையில் அறிவித்தது. நோய் உள்ளவருக்கு இல்லை என்றும், இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் அவை காட்டின. இந்திய அரசு 2012 ஜூனில் அவற்றின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, பயன்பாடு எல்லாவற்றையும் தடைசெய்தது. அதுவரை நாடு முழுவதும் தனியார் கூடங்களில் அது நன்றாக விற்றுக்கொண்டிருந்த சரக்கு. ரத்தம் பொய் சொல்லாது என்று நினைக்கிறோம். ரத்தத்திடம் தவறான கேள்வியைக் கேட்டால் அதுவும் தவறான பதிலைத்தான் சொல்லும். ஆனால் அச்சடித்த தாளில் வந்த அந்தப் பதிலை மொத்தக் குடும்பமும் நம்பியது. "எனக்கு இருமலே இல்லையே, சாயங்காலக் காய்ச்சலும் இல்லையே" என்று அக்கா வாயால் சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்து ஆஸ்துமாவாக இருக்கலாம் என்றார்கள். இன்ஹேலர் வந்தது. மனசு சரியில்லாததாக இருக்கலாம் என்றார்கள். தூக்க மாத்திரை வந்தது. 2013இல் ஒருநாள் காலையில் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவில் காற்று புகுந்து வலது நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே குழாய் சொருகிக் காற்றை வெளியேற்றினார்கள். உடன் வந்த மாணவர்களுக்குப் பெரிய மருத்துவர் அவள் கட்டிலருகே நின்று பாடம் நடத்தினார். எந்தக் காரணமும் இல்லாமல் இப்படி ஆவது பொதுவாக உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். குழாயோடு படுத்திருந்த அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் ஒல்லியும் இல்ல, உயரமும் இல்ல, பையனும் இல்ல."

நான் பிற்பாடு வாசித்த எந்த மருத்துவக் கட்டுரையும் இந்த வாக்கியத்தைவிடத் தெளிவாக இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு வருவது என்றால், அப்படி இல்லாத இவளுக்கு ஏன் வந்தது? அந்தக் கேள்வியை அன்றைக்கு அந்த வார்டில் கேட்டது அவள் ஒருத்திதான்.

2016இல் இரண்டாவது முறை அதே நுரையீரல் சுருங்கியது. இந்தமுறை வேறு மருத்துவமனை. இரவுப் பணியில் இருந்த ஒரு மேற்படிப்பு மாணவர், சின்னப் பையன், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்: "எப்பலேர்ந்தும்மா இப்படி? எதெல்லாம் செஞ்சா ஜாஸ்தியாகுது?" அக்கா ஏழு ஆண்டுக் கதையையும் சொன்னாள். மாதாமாதம் கூடுவதையும் சொன்னாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார். மறுநாள் நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரல்களிலும், மேலிருந்து கீழ்வரை, மெல்லிய சுவர் கொண்ட வட்ட வட்டமான காற்றுக்குமிழிகள். "லாம்னு ஒண்ணு இருக்கு. அதுவா இருக்கலாம்" என்றார்.

தமிழாசிரியைக்கு வேறு எப்படிக் கேட்கும்? ஆஸ்துமாவாக இருக்கலாம், டிபியாக இருக்கலாம், மனசாக இருக்கலாம் என்று ஏழு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் வினைமுற்றின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த விகுதியே கடைசியில் நோயின் பெயராக வந்து நின்றது. முழுப்பெயர் லிம்ஃபாஞ்சியோலியோமயோமடோசிஸ். அதைத் தடங்கலில்லாமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. பிரித்துப் பார்த்தால் புரியும்: நிணநீர், நாளம், மென்தசை. மென்தசைச் செல்களைப் போன்ற ஒருவகைச் செல்கள் நுரையீரலுக்குள் பரவி, நல்ல திசுவை அரித்துக் குமிழிகளாக்குகின்றன. குமிழி வெடித்தால் நுரையீரல் சுருங்குகிறது. நிணநீர்ப் பாதை அடைபட்டால் பால்போன்ற நீர் மார்புக்குள் சேர்கிறது. பலருக்குச் சிறுநீரகத்தில் கொழுப்பும் தசையும் ரத்தநாளமும் கலந்த கட்டிகளும் வருகின்றன.

இந்த நோய் ஏறக்குறைய முழுக்கப் பெண்களுக்கு மட்டுமே வருகிறது. அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். ஈஸ்ட்ரோஜனுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. கர்ப்பகாலத்தில் முற்றக்கூடும். பழைய மதிப்பீடுகளின்படி பத்து லட்சம் பெண்களில் மூன்று முதல் எட்டுப் பேருக்கு இருக்கலாம். அண்மைக்கால மதிப்பீடுகள் அதைவிடக் கூடுதலாகச் சொல்கின்றன. கண்டுபிடிக்கத் தெரிந்தபிறகுதானே எண்ணிக்கை கூடும். அமெரிக்காவிலேயேகூட, நுரையீரல் சுருங்கிய இந்தப் பெண்களுக்குச் சராசரியாக இரண்டு தடவைக்கு மேல் அது சுருங்கிய பிறகுதான் நோய் இன்னதென்று தெரியவந்தது என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதைப் படித்தபோது ஆவடிக்கும் அமெரிக்காவுக்கும் அப்படியொன்றும் தூரமில்லை என்று தோன்றியது.

சரி, உறுதிசெய்வது எப்படி? குமிழிகள் வேறு சில நோய்களிலும் வரும். அதனால் முன்பெல்லாம் மார்பைத் துளைத்து நுரையீரலில் ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பார்ப்பார்கள். ஏற்கெனவே மூச்சுக்குத் திணறுகிற பெண்ணுக்கு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவை அது. அதைத் தவிர்க்க வந்ததுதான் ஒரு ரத்தப் பரிசோதனை. உடம்பில் புது நிணநீர் நாளங்களை வளரத் தூண்டும் புரதம் ஒன்று உண்டு. வி.இ.ஜி.எஃப்-டி என்று பெயர். லாம் உள்ள பெண்களின் ரத்தத்தில் அது கூடுதலாக இருப்பதை 2006இல் ஜப்பானில் குனியாகி செயாமா குழுவினர் கண்டார்கள். மற்றக் குமிழி நோய்களிலிருந்து லாமைப் பிரித்துக்காட்ட அது உதவும் என்பதை லிசா யங் என்ற பெண் மருத்துவரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. ஒரு மில்லிலிட்டரில் 800 பிகோகிராமோ அதற்கு மேலோ இருந்து, ஸ்கேனில் அதற்கே உரிய குமிழிகளும் இருந்தால் வெட்டிப் பார்க்கத் தேவையில்லை. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. வெட்டிப் பார்ப்பதற்கு முன் இந்தப் பரிசோதனையைச் செய்யுங்கள் என்று அமெரிக்க, ஜப்பானிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைத்தன. அக்கா அந்த ஸ்டூல் முன்னால் உட்கார்ந்து கதை சொன்ன அதே ஆண்டு.

இந்த எண்ணுக்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெண்ணுக்கு மட்டும் வருகிறது, ஈஸ்ட்ரோஜனால் கூடுகிறது, எனவே சினைப்பையை எடுத்துவிடு என்று பல ஆண்டுகள் சிகிச்சை நடந்தது. ஹார்மோன் ஊசிகள் போட்டார்கள். முறையாக ஒப்பிட்டுப் பார்த்த சோதனை எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. முப்பது வயதுப் பெண்கள் சினைப்பையை இழந்தார்கள், மூச்சையும் இழந்தார்கள். இப்போது அந்த 2016 வழிகாட்டுதல் ஹார்மோன் சிகிச்சை வேண்டாம் என்கிறது. அக்காவிடமும் ஒருவர், "ரெண்டு பசங்க இருக்காங்கல்ல, கர்ப்பப்பையை எடுத்துட்டா பிரச்சினையே இல்ல" என்று சொல்லியிருக்கிறார். அவர் லாம் பற்றிக் கேள்விப்பட்டவர்கூட இல்லை. பெண்ணுடம்பில் புரியாத எதற்கும் முதலில் கைவைக்கிற இடம் அதுவாக இருக்கிறது.

இந்தப் போக்கு மாறியதில் பெண்களின் பங்கு பெரிது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் சூ பைர்ன்ஸ் என்ற தாய், தன் மகளுக்கு இந்த நோய் என்று தெரிந்ததும், தேடினால் ஒன்றும் கிடைக்காத நிலையில், 1995இல் லாம் அறக்கட்டளையைத் தொடங்கினார். சிதறிக் கிடந்த நோயாளிகளைச் சேர்த்தார், ஆய்வுக்குப் பணம் திரட்டினார். 2000இல் எலிசபெத் ஹென்ஸ்கேயின் குழு இந்தச் செல்களில் டி.எஸ்.சி.2 என்ற மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தது. பழுதான மரபணுவால் செல்லின் வளர்ச்சிக்குத் தடை போடும் பிரேக் செயலிழக்கிறது. அந்த பிரேக்கின் வேலையைச் செய்யும் மருந்து ஏற்கெனவே கைவசம் இருந்தது. அதன் பெயர் சிரோலிமஸ். சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களுக்குத் தரப்படுவது. 89 பெண்களை வைத்து அமெரிக்கா, கனடா, ஜப்பான் மூன்று நாடுகளிலும் நடந்த சோதனையின் முடிவு 2011இல் வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஒரு விநாடியில் வெளிவிடக்கூடிய காற்று மாதத்துக்கு 12 மில்லிலிட்டர் வீதம் குறைந்துகொண்டே போனது. மருந்து சாப்பிட்டவர்களுக்குக் குறையாமல் நின்றது. நிறுத்தினால் மீண்டும் குறையத் தொடங்கியது. குணமாக்கும் மருந்து இல்லை, பிடித்துநிறுத்தும் மருந்து. நோய் இல்லாதவருக்குக் கொடுத்துப் பார்க்கிற மருந்தும் இல்லை. அதனால்தான் உறுதிசெய்வது இவ்வளவு முக்கியம்.

அக்காவின் ரத்தத்தை எடுத்து, சீரத்தைப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. 640.

"எண்ணூறுக்குக் கீழதானே? அப்ப இல்ல" என்றார் மாமா. அவர் முகத்தில் இருந்த நிம்மதியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பூந்தமல்லிக்கு போன் போனது. பயப்படும்படி ஒன்றுமில்லையாம், நார்மலாம். அக்கா மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கிங் மேசையில் எல்லாம் சரியாக இருப்பதாகத் தெரியும் சட்டையை அவள் அப்படித்தான் பார்ப்பாளாம்.

அந்த இளம் மருத்துவரின் மூத்தவர் சொன்ன விளக்கத்தை நான் அப்படியே குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். 800க்கு மேல் போனால் லாம் இருக்கிறது என்று சொல்லலாம். கீழே இருந்தால் இல்லை என்று சொல்ல முடியாது. நோய் உள்ள பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த எண் 800ஐத் தொடுவதே இல்லை. இது 'ஆம்' சொல்லத் தெரிந்த பரிசோதனை, 'இல்லை' சொல்லத் தெரியாத பரிசோதனை. பிறகு கேட்டார்: "வயித்துல எப்பவாவது ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

அம்மாவிடம் ஒரு மஞ்சள் பை இருந்தது. யாரோ வீட்டுக் கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தது. அக்காவின் சீட்டுகள், தாள்கள், எக்ஸ்ரே எல்லாவற்றையும் அம்மா அதில் சேர்த்துவைத்திருந்தாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாததால் எது வேண்டியது, எது வேண்டாதது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் வைத்திருந்தாள். அதன் அடியில் 2007இல், சின்னவன் பிறந்தபின் வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேன் தாள் கிடைத்தது. வலது சிறுநீரகத்தில் சிறிய கொழுப்புக் கட்டி, கவலைப்பட ஒன்றுமில்லை என்று அதில் எழுதியிருந்தது. மருத்துவர் வயிற்றுக்கும் சிடி எடுக்கச் சொன்னார். லாமோடு சேர்ந்து வரும் அதே வகைக் கட்டி. நுரையீரலில் குமிழிகள், சிறுநீரகத்தில் இந்தக் கட்டி, இரண்டும் சேர்ந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. மார்பைத் துளைக்காமலேயே முடிவு தெரிந்தது. மூச்சு வாங்கத் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பதிலில் பாதி பையில் விழுந்திருந்தது. மீதிப் பாதியை அக்கா வாயால் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டையும் ஒருவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்த ஏழு ஆண்டுகளில் அம்மா அக்காவைத் திருவேற்காட்டுக்கு எத்தனை முறை கூட்டிப்போனாள் என்பதற்குக் கணக்கில்லை. கருமாரியம்மனுக்கு வேண்டுதல், மடியில் எலுமிச்சம்பழம், நெற்றி நிறைய திருநீறு. எனக்கு எரிச்சலாக வரும். வகுப்பில் நான் வெறியாட்டுப் பாடல்களை நடத்துகிறவள். தலைவி மெலிகிறாள், மேனியில் பசலை படர்கிறது, வளை கழல்கிறது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் தாய் கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறாள், கழங்கு போட்டுப் பார்க்கிறார்கள், முருகு அணங்கியது என்று வேலன் ஆடுகிறான், ஆடு பலியாகிறது. காரணம் தெரிந்த தலைவியும் தோழியும் உள்ளுக்குள் சிரிக்கிறார்கள். வெறியாட்டைப் பாடியதாலேயே காமக்கண்ணியார் என்ற பெண் புலவருக்கு 'வெறிபாடிய' என்ற அடைமொழி வந்தது. அகநானூற்றில் 22ஆம் பாட்டு அவருடையது. அதில் தலைவி, நடந்ததற்குத் துளியும் தொடர்பில்லாத வேலன் இப்படி மெனக்கெட்டானே என்று நினைத்துச் சிரிக்கிறாள். நோய் ஒன்று, கண்டுபிடித்தது ஒன்று என்பதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆண்டுதோறும் அந்தத் தாய் என் வகுப்பில் கேலிக்குரியவளாகவே வந்துபோவாள்.

அந்த மஞ்சள் பைக்குப் பிறகு அந்தப் பாடல்கள் எனக்கு வேறு மாதிரி வாசிக்கக் கிடைக்கின்றன. அந்தத் தாய் காரணத்தைத் தவறாகச் சொல்கிறாள். ஆனால் மகளுக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவளைப் பார்த்து, உனக்கு ஒன்றுமில்லை, மனசுதான் காரணம் என்று அவள் சொல்வதில்லை. திருவேற்காட்டில் என் அம்மாவும், "எம் பொண்ணுக்கு என்னமோ ஆயிருக்கு தாயே, என்னன்னு நீதான் காட்டணும்" என்றுதான் வேண்டிக்கொண்டாள். படித்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றுமில்லை என்று அனுப்பியபோது, என்னமோ இருக்கிறது என்று கடைசிவரை நம்பியது அக்காவும் அவளும்தான். நம்பியதால்தான் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். அந்தத் தாயை நான் இப்போது வகுப்பில் அவ்வளவு சுலபமாகச் சிரிப்புக்கு விட்டுவிடுவதில்லை.

அக்காவுக்கு அடுத்த மாதமே சிரோலிமஸ் தொடங்கினார்கள். அந்த மாத்திரைக்கும் ஒரு கதை உண்டு. 1964இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன மருத்துவப் பயணக்குழு கொண்டுவந்த மண்ணில் இருந்த நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது அது. தீவின் சொந்தப் பெயரான ராபா நூயி என்பதிலிருந்து ராபமைசின் என்று முதலில் பெயர் வைத்தார்கள். மான்ட்ரியலில் அதைப் பிரித்தெடுத்துப் பேணியவர் சுரேந்திரநாத் சேகல், வாரணாசியில் மருந்தியல் படித்த இந்தியர். 1980களில் நிறுவனம் அந்த ஆய்வகத்தை மூடியபோது இந்த மருந்தையும் கைவிட்டது. சேகல் கொஞ்சத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, சாப்பிடாதீர்கள் என்று எழுதி, வீட்டு ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றினார். பின்னால் ஆய்வு மறுபடி தொடங்கியது. 1999இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. லாமுக்கு அனுமதி கிடைத்தது 2015இல். அதைப் பார்க்க அவர் இல்லை, 2003இல் இறந்துவிட்டார். இந்தக் கதையைச் சொன்னதும் அக்கா, "எல்லாத்தையும் யாராவது ஒருத்தர் தூக்கிப்போடாம வச்சிருக்கணும் போல" என்றாள்.

மாத்திரையால் வாய்ப்புண் வரும். வந்த வாரங்களில் தயிர்சாதம்தான். கொழுப்பு கூடுகிறதா என்று ரத்தம் பார்க்கவேண்டும், காய்ச்சல் வந்தால் அலட்சியம் கூடாது. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டாள். வீட்டிலேயே மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். 2016இல் இருந்த அளவு மூச்சு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. போன ஏழு ஆண்டு மூச்சு திரும்ப வராது. மாதத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று சோதனையில் படித்த கணக்கை வைத்து, தாமதமான மாதங்களுக்கு எவ்வளவு காற்று என்று ஒருமுறை பெருக்கிப் பார்க்கப் போய், பாதியில் நிறுத்திவிட்டேன்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கும் தோழிகளுக்கும் நேராகச் சிலவற்றைச் சொல்கிறேன். இது அரிய நோய். மூச்சு வாங்கும் எல்லோருக்கும் இது இல்லை, பயப்படவேண்டாம். ஆனால் புகைப்பழக்கம் இல்லாத, இருபது முதல் நாற்பதுகளில் உள்ள பெண்ணுக்கு ஆஸ்துமா என்று சொல்லி, இன்ஹேலரில் குறையாமல் மூச்சுவாங்கல் மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போனால், அடிபடாமல் நுரையீரல் ஒருமுறை சுருங்கியிருந்தால்கூட, சிறுநீரகத்தில் கொழுப்புக்கட்டி என்று எந்தத் தாளிலாவது இருந்தால், நுரையீரலுக்கு நுணுக்கமான சிடி ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். லாம் என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள். 800 என்ற எண் நமக்குக் கிடைத்த நல்ல சாட்சி. பல பெண்களின் மார்பைக் கத்தியிலிருந்து அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தச் சாட்சியை யாராவது ஒருவர் கூப்பிட்டால்தான் அது கூண்டில் ஏறும். ஒரு பெண் சொன்னதை முழுதாக ஒருவர் கேட்டபிறகே அந்த ரத்தம் எடுக்கப்படுகிறது. எண் 640 என்று வந்தபிறகும் அவள் சொன்னதைக் கைவிடாத ஒருவர் வேண்டியிருக்கிறார்.

அக்காவுக்கு இப்போது ஐம்பது கடந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டு போகிறாள். தேதி, எத்தனை படி ஏறினாள், எங்கே நின்றாள், எத்தனை நாள் வாய்ப்புண், எந்த மாதத்தோடு மாதவிடாய் நின்றது, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கும். எதற்கு இவ்வளவு, வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டேன்.

"வாயால சொன்னா பாதிதான் எழுதறாங்க" என்றாள்.